ஸ்டவ் 'எஃப்3' என்று கத்தினால் உடனே போர்டை வாங்காதீர்கள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் சமையலறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது 30 அங்குல மின் ஸ்டவ். மேலே நான்கு அடுப்பு, கீழே ஓவன், பின்னால் நிமிர்ந்து நிற்கும் பலகையில் கடிகாரமும் பொத்தான்களும், அதற்குள் ஓவனை இயக்கும் மின்னணு போர்டும். கடைக்காரர்கள் ரேஞ்ச் என்பார்கள், நம் வீடுகளில் அது ஸ்டவ்தான். ஒருநாள் அந்தக் கடிகாரத்தில் நேரம் மறைந்து 'எஃப்3' என்று ஏதோ வந்து நிற்கும். பீப் பீப் என்று விடாமல் கத்தும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேட்காது.

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு டிசம்பரில் இதுதான் நடந்தது. "தம்பி, போர்டு போயிட்டுதாம், அறுநூறு டொலராம். புது ஸ்டவ்வே வாங்கலாம் எண்டு சொல்லிட்டுப் போறான்" என்றார். பார்க்க வந்தவர் ஸ்டவ்வைச் சுவரிலிருந்து நகர்த்தக்கூட இல்லை. நான் நகர்த்திப் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஓவனின் சூட்டை அளக்கும் சென்சரின் வயர் வந்து சேரும் சின்ன பிளாஸ்டிக் பிளக் பழுப்பேறி, கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே இருந்த இரண்டு பின்களில் ஒன்று கறுத்திருந்தது. மீட்டரை வைத்தபோது மின்தடை 1,085 ஓம் காட்டியது, அது சரியான அளவுதான். வயரை லேசாக அசைத்தேன், எண் காணாமல் போனது. விட்டேன், திரும்ப வந்தது. அந்த ஸ்டவ்வின் நோய் முழுவதும் அந்த ஒரு பின்தான். போர்டு இன்றுவரை நன்றாக இருக்கிறது.

அதன்பிறகு தெரிந்தவர் பலருக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். திரையில் வரும் குறியீடு, போர்டு எந்த இடத்தில் குழம்பியது என்பதைத்தான் சொல்கிறது, எந்தப் பாகம் செத்தது என்று அதற்குத் தெரியாது. சென்சர் சில பத்து டாலரில் கிடைக்கும். போர்டு சில நூறு டாலர். அதுவும் மின்னணுப் பாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் போர்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

தொடங்குமுன்

இது 240 வோல்ட் வேலை, விளையாட்டில்லை. வீட்டு பேனலில் ஸ்டவ்வுக்கென்று 40 அல்லது 50 ஆம்ப் இரட்டை பிரேக்கர் இருக்கும். அதை அணையுங்கள். ஸ்டவ்வை இழுத்து, பின்னால் உள்ள பெரிய பிளக்கையும் பிடுங்குங்கள். இரண்டையும் செய்யுங்கள். ஓவனைப் பொத்தானில் அணைத்திருந்தாலும், சில மாடல்களில் உள்ளே இருக்கும் எலிமென்ட்டின் (சூடேற்றும் கம்பி) ஒரு முனையில் 120 வோல்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். "ஆஃப் பண்ணிட்டேனே" என்று கை வைத்தவர்களுக்கு ஷாக் அடிப்பது இதனால்தான்.

இழுக்கும்போது பின்பக்கக் கால் ஒன்று தரையிலோ சுவரிலோ உள்ள இரும்புக் கொக்கிக்குள் மாட்டியிருக்கும். திறந்த ஓவன் கதவில் குழந்தை ஏறினால் ஸ்டவ் முன்பக்கம் கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான். வேலை முடிந்து தள்ளும்போது கால் திரும்ப அதற்குள் போய் உட்கார வேண்டும். தரையில் கீறல் விழாமல் இருக்க முன்கால்களுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு இழுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஓம் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கால் அங்குல நட் டிரைவர், பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், படம் எடுக்க போன். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், உள்தகடுகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

வாடகை வீடாக இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். ஒன்டாரியோவில் வீட்டோடு கொடுத்த ஸ்டவ்வைப் பழுதுபார்த்துத் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. எழுத்தில் தெரிவித்துவிட்டு விடுங்கள். ஸ்டவ் இன்னும் வாரண்டியில் இருந்தாலும் அப்படித்தான், திறக்க வேண்டாம்.

முதலில் கரண்ட் முழுதாக வருகிறதா என்று பாருங்கள்

ஸ்டவ்வுக்கு இரண்டு 120 வோல்ட் லைன் வருகிறது. கடிகாரம், விளக்கு, போர்டு எல்லாம் ஒரே லைனில் ஓடும். அடுப்பும் ஓவனும் சூடேற இரண்டும் வேண்டும். ஒரு லைன் மட்டும் போனால் கடிகாரம் பளிச்சென்று எரியும், பொத்தான் வேலை செய்யும், ஓவன் மட்டும் சில்லென்று கிடக்கும். "போர்டு போச்சு" என்று முடிவுகட்டப்படும் ஸ்டவ்களில் கணிசமானவை இந்த வகைதான்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். குமிழைத் திருகிப் பற்றவைக்கும் மாடல் என்றால், மேலே உள்ள அடுப்புகள் ஓவன் போர்டை நம்பி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் உண்டு. நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதுவுமே சூடேறவில்லை, ஆனால் கடிகாரம் எரிகிறது என்றால் கோளாறு கரண்டில். பிரேக்கரை முழுதாக ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். ட்ரிப் ஆன பிரேக்கர் நடுவில் நின்று ஆன் மாதிரியே ஏமாற்றும். ஃபியூஸ் போட்ட பழைய வீடு என்றால் ஸ்டவ்வுக்கு இரண்டு ஃபியூஸ் இருக்கும், அதில் ஒன்று போயிருக்கலாம். இவை சரியாக இருந்தும் அடுப்பு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவர் சாக்கெட்டில் உயிருள்ள 240 வோல்ட்டை அளப்பது புதியவர்கள் செய்கிற வேலை இல்லை.

அடுப்புகள் நன்றாக எரிந்து, ஓவன் மட்டும் முரண்டு பிடித்தால் தொடர்ந்து படியுங்கள். குமிழ் இல்லாமல் எல்லாமே தொட்டு இயக்கும் மாடலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இன்னொன்று. திரையில் பூட்டுப் படமோ 'லாக்' போன்ற எழுத்தோ தெரிந்தால், துடைக்கும்போது யாரோ பொத்தான் பூட்டைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும். 'பிஎஃப்' என்று வந்தால் கரண்ட் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குறியீடு எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு பிரேக்கரை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். இனி அது எப்போது திரும்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போட்ட உடனே, ஓவன் ஆறிக் கிடக்கும்போதே வந்தால் ஏதோ ஒன்று முழுதாக அறுந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. ஓவன் சூடேறிப் பத்து நிமிடம் கழித்து வந்தால், சூட்டில் விரிந்து விலகும் இணைப்பையோ நைந்த சென்சரையோ சந்தேகியுங்கள். அக்காவின் ஸ்டவ் இந்த ரகம். பெரிய சமையல் முடிந்து ஆவி நிறைந்த நாளிலோ, பலகையில் கிளீனர் தெளித்துத் துடைத்த பிறகோ வந்தால் பொத்தான் பலகைக்குள் ஈரம் போயிருக்கும். பிரேக்கரை அணைத்து ஒருநாள் முழுதும் காயவிடுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். அதிகச் சூட்டில் ஓவன் தானே சுத்தமாகும் செல்ஃப் கிளீன் போட்ட மறுநாள் வந்தால் கதவுப் பூட்டையோ சூட்டில் வெந்த பாகத்தையோ தேட வேண்டும். செல்ஃப் கிளீனில் ஓவன் 900 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள வயரும் போர்டும் வாடிப்போகும். விருந்துக்கு முந்தைய நாள் அதைப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

குறியீட்டின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜி.இ.யின் பழைய மாடல்களில் எஃப்3 என்றால் சென்சர் சர்க்யூட் அறுந்திருக்கிறது, எஃப்4 என்றால் ஷார்ட், எஃப்2 என்றால் அளவுமீறிய சூடு, எஃப்7 என்றால் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேர்ல்பூலில் எஃப்3 இ0 சென்சர், எஃப்2 இ0 பொத்தான். ஃப்ரிஜிடேரில் எஃப்10 கட்டுமீறிய சூடு, எஃப்11 பொத்தான், எஃப்30 சென்சர் அறுந்தது, எஃப்31 சென்சர் ஷார்ட், எஃப்90 கதவுப் பூட்டு.

உங்கள் ஸ்டவ்வுக்கான சரியான பட்டியல் உங்கள் ஸ்டவ்வுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். டெக் ஷீட் என்று ஒரு காகிதத்தை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒளித்து வைத்திருப்பார்கள். கீழே உள்ள டிராயரை வெளியே எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் பின்தகட்டின் உள்பக்கம், அதுவும் இல்லையென்றால் பொத்தான் பலகைக்குப் பின்னால். குறியீடுகள், வயரிங் படம், எந்தப் பாகத்துக்கு எத்தனை ஓம் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் கீழே சொல்லும் எண்ணும் அதில் உள்ள எண்ணும் வேறுபட்டால் டெக் ஷீட்டையே நம்புங்கள்.

சென்சர்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஓவனுக்குள் பின்சுவரில், மேற்பக்கமாக, பென்சிலைவிட ஒல்லியான ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சர். உள்ளே இருப்பது பிளாட்டினத் தடை. சூடு ஏற ஏற அதன் ஓம் ஏறும், போர்டு அந்த ஓமை வைத்துத்தான் ஓவன் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. பெரும்பாலான மாடல்களில் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 1,000 ஓம். வீட்டுக்குள் 70 முதல் 75 டிகிரி இருக்கும்போது ஏறத்தாழ 1,080 முதல் 1,100 ஓம். 350 டிகிரியில் 1,650க்குப் பக்கத்தில் நிற்கும்.

பிளக்கைப் பிடுங்கிய ஸ்டவ்வில் பின்தகட்டைக் கழற்றுங்கள். சென்சரின் இரண்டு வயரும் போர்டுக்குப் போய்ச் சேரும் இடத்தை வயரிங் படத்தில் பார்த்துக் கண்டுபிடியுங்கள். கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். முதல் அளவை போர்டுப் பக்கக் கனெக்டரில் எடுக்க வேண்டும், சென்சரில் இல்லை. நிறையப் பேர் நேராகச் சென்சரைக் கழற்றி அளந்து, "சென்சர் நல்லாத்தான் இருக்கு, அப்போ போர்டுதான்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் உள்ள மூன்றடி வயரை யாரும் பார்ப்பதில்லை.

மீட்டரை 2,000 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அப்புறம் போர்டிலிருந்து கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்களில் வையுங்கள்.

1,080 முதல் 1,100க்குள் அசையாமல் நின்றால் சென்சரும் வயரும் ஆறிய நிலையில் நலம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் (மீட்டரில் 'OL' அல்லது இடது ஓரத்தில் வெறும் '1' நிற்கும்) எங்கோ அறுந்திருக்கிறது. நூறு இருநூறு ஓம்தான் இருக்கிறதென்றால் எங்கோ ஷார்ட். அப்படியானால் அடுத்து சென்சரின் சொந்தப் பிளக்குக்குப் போய் அங்கே அளங்கள். அங்கே சரியாக இருந்து போர்டுப் பக்கம் தவறாக இருந்தால் கோளாறு வயரில் அல்லது பிளக்கில். இரண்டு இடத்திலும் தவறென்றால் சென்சரேதான்.

அளவு சரியாக இருந்தாலும் உடனே மீட்டரை எடுத்துவிடாதீர்கள். ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் வயரை ஒவ்வோர் அங்குலமாக மெல்ல அசைக்கட்டும். முக்கியமாகப் பிளக்குப் பக்கத்திலும், தகட்டு ஓட்டைக்குள் நுழையும் இடத்திலும். எண் துள்ளினால் கோளாறு அங்கே. அடுத்து ஓவனுக்குள் கையை விட்டு சென்சர் குழலின் நுனியை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். எண் ஒவ்வொன்றாக, தண்ணீர் ஏறுவது போல் ஏற வேண்டும். திடீரென்று தாவினாலோ மறைந்தாலோ சென்சர் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது. கடைசியாக ஒவ்வொரு பின்னுக்கும் ஸ்டவ்வின் வெறுந்தகட்டுக்கும் இடையே அளங்கள், ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் வயர் தோலுரிந்து எங்கோ தகட்டில் படுகிறது.

சென்சரை மாற்றுவது எளிது. ஓவனுக்குள் இரண்டு ஸ்க்ரூ, பின்னால் ஒரு பிளக். பழையதை முன்பக்கம் இழுக்கும்போது பிளக் ஓட்டைக்குள் நழுவிக் காப்புப் பஞ்சுக்குள் விழுந்துவிடாமல் ஒரு நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கெட்டது பிளக் மட்டும் என்றால் அதை வெட்டிவிட்டு வயரை நேராக இணைக்கலாம். ஆனால் சூடு தாங்கும் பீங்கான் வயர் நட்டும் (வயர் முனைகளை இணைத்து மூடும் தொப்பி) அந்தச் சூட்டுக்கான வயரும்தான் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் நட் உருகிவிடும், இன்சுலேஷன் டேப்பை அங்கே சுற்றவே கூடாது.

பொத்தான் பலகை

பொத்தான் ஒட்டியதென்று குறியீடு சொன்னால், பொத்தான்களின் தாளிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டையான ரிப்பனைக் கழற்ற வேண்டும். நேராக இழுங்கள், மடிக்காதீர்கள், நுனியில் உள்ள கரிக்கோடுகளை விரலால் தொடாதீர்கள். சில மாடல்களில் தாழ்ப்பாள் உண்டு, முதலில் அதைத் தூக்கிவிட வேண்டும். ரிப்பனைக் கழற்றிய நிலையில் தகடுகளை மாட்டி, வெளியே நீட்டிய வயர் எதுவும் இல்லை என்று பார்த்து, அப்புறம் கரண்டைப் போட்டு, முன்பு குறியீடு வர எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேலேயே காத்திருங்கள். குறியீடு வராவிட்டால் கெட்டது பொத்தான் பலகை. ரிப்பன் இல்லாமலேயே அதே குறியீடு வந்தால், ஆம், இந்த முறை போர்டுதான். இரண்டும் ஒரே துண்டாக வரும் மாடலில் இந்தச் சோதனைக்கு வேலையில்லை.

நம் வீட்டுத் தாளிப்பில் பறக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுக்க நேராகப் பலகையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். துணியில் அடித்துத் துடையுங்கள்.

எலிமென்ட்

குறியீடு எதுவும் இல்லை, ஓவன் மட்டும் சூடாகவில்லை என்றால் இதைப் பாருங்கள். கீழே உள்ள எலிமென்ட்டில் கொப்புளமோ வெடிப்போ இருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் இரண்டு வயரையும் கழற்றி அளங்கள். 2,500 வாட் எலிமென்ட் சுமார் 23 ஓம் காட்டும். பொதுவாக 20க்கும் 30க்கும் இடையே இருக்கும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்தது. அதன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஏதாவது ஓம் காட்டினாலும் கெட்டதுதான்.

கடைசியில் போர்டு

கரண்ட், சென்சர், வயர், பொத்தான், எலிமென்ட் எல்லாம் தேறிவிட்டால் இப்போது போர்டைப் பார்க்கலாம். பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தடித்த வயர் வந்து செருகும் இடத்தில் கருகல், கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்சான ரிலேயின் காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையம் போன்ற விரிசல், தலை உப்பிய கெப்பாசிட்டர் (சின்ன உருளைப் பாகம்). இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் உறுதியாகிவிடும்.

ஓவன் தானாகச் சூடேறுகிறது, அணைத்தும் அணையவில்லை என்றால் அந்த நிமிடமே பிரேக்கரை அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கரண்ட் இல்லாத நிலையில், போர்டில் லைன் வந்து சேரும் முனைக்கும் 'பேக்' (Bake) என்று குறித்த முனைக்கும் வயர்களைக் கழற்றிவிட்டு இடையே அளந்தால் தெரியும். நல்ல ரிலே கரண்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும், மீட்டர் ஒன்றும் காட்டாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஒட்டிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'பேக்' போட்டு 350 வைத்தால் போர்டிலிருந்து 'டிக்' என்று ரிலே சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் போர்டு கட்டளை கொடுக்கவில்லை. டிக் கேட்டும், தேறிய எலிமென்ட் சூடாகவில்லையென்றால் ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், அல்லது வழியில் உள்ள சூட்டுப் பாதுகாப்பு கட்-அவுட் போயிருக்கலாம். கட்-அவுட்டை மீட்டரில் பாருங்கள், பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். போர்டுக்குள் கரண்டோடு அளப்பதைத் தொழில் தெரிந்தவருக்கு விட்டுவிடுங்கள்.

போர்டை வாங்கும்போது ஸ்டவ் மாடல் எண்ணோடு போர்டில் ஒட்டியிருக்கும் பாக எண்ணையும் கொடுங்கள். மாடல் எண் ஓவன் கதவைத் திறந்தால் சட்டத்திலோ, டிராயருக்குப் பின்னாலோ இருக்கும். பழைய ஸ்டவ்வுக்குப் புதுப் போர்டு கிடைக்காவிட்டால், உங்கள் போர்டையே வாங்கி ரிலே மாற்றி ஈயம் வைத்துத் திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன. மாட்டும்போது எல்லா வயரையும் ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். புதுப் போர்டைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வயராக இடம் மாற்றுங்கள்.

கேஸ் ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சர், பொத்தான், போர்டு சோதனைகள் அதற்கும் பொருந்தும். ஆனால் ஓவன் சூடேறாததற்கு அங்கே முதல் சந்தேகம், சிவந்து எரிந்து கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர். அது பழசாகி வலுவிழந்தால் சிவந்தும்கூட வால்வு திறக்காது. கேஸ் வாடை அடித்தால் எதையும் தொடாமல் வெளியே போய்விட்டு அப்புறம் போன் செய்யுங்கள்.

சரிபார்ப்பு

எல்லாத் தகட்டையும் மாட்டி, வயர் எதுவும் நசுங்கவில்லை என்று பார்த்து, பிளக்கைச் செருகி, பின்காலைக் கொக்கிக்குள் தள்ளி, பிரேக்கரைப் போடுங்கள். நடுத்தட்டில் ஒரு ஓவன் தெர்மாமீட்டரை வைத்து 350க்கு ஏற்றுங்கள். பீப் அடித்தவுடன் பார்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். முள் 350க்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும், அதன் நடுவைப் பிடியுங்கள். தொடர்ந்து 15, 20 டிகிரி தள்ளியே நின்றால் அது கோளாறில்லை. பல மாடல்களில் 35 டிகிரி வரை கூட்டிக் குறைக்க வழி உண்டு, எந்தப் பொத்தான் என்று கையேட்டில் இருக்கும்.

அன்றைக்கு அக்கா தெர்மாமீட்டருக்குக் காத்திருக்கவில்லை, நேராகக் கேக்கையே உள்ளே வைத்துவிட்டார். நான் டெக் ஷீட்டின் ஓரத்தில் தேதியையும், சென்சர் 1,087 ஓம் என்பதையும், பிளக்கை வெட்டி இணைத்ததையும் பேனாவால் எழுதி, பழையபடி மடித்து, உறையில் போட்டு, டிராயருக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்தேன்.